மலையேறி வந்தவர்கள்

நுழையும்முன்

நீலகிரி என்றதும் தேயிலைச் சரிவுகளும் மலை இரயிலும் பனிமூட்டமும் நம் நினைவுக்கு வருகின்றன. அச்சரிவுகளில் கொழுந்து பறிப்போரும், அந்த இரயில் நின்று செல்லும் ஊர்களில் ஆலைப்பணி செய்வோரும் பெரும்பாலும் வேறிடங்களிலிருந்து வந்தவர்களின் வழியினர். அவர்கள் ஏன் வந்தனர், எவற்றை விட்டுவந்தனர், எவற்றைத் தம்முடன் கொண்டுவந்தனர் என்பதை வெலிங்டனிலிருந்து தொடங்கி விளக்குகிறது இக்கட்டுரை.

ஓர் ஊருக்கு இரு பெயர்கள்

குன்னூரிலிருந்து உதகைக்குச் செல்லும் மலை இரயில் முதலில் நிற்கும் நிலையம் வெலிங்டன், அடுத்தது அருவங்காடு. வெலிங்டன் என்பது ஆங்கிலேயப் படைத்தலைவராகவும் பின்னர் இங்கிலாந்தின் தலைமை அமைச்சராகவும் விளங்கிய ஒருவரின் பட்டப்பெயர். அதற்கு முன் இவ்விடத்தை ஆங்கிலேயர் ‘ஜக்கதல்லா’ என்று எழுதிவந்தனர். அருகிலுள்ள ஜெகதளா என்னும் படகர் ஊரின் பெயர் ஆங்கில நாவில் அடைந்த வடிவம் அது. படைவீடு பெரிதானபோது அந்தத் திரிந்த வடிவமும் நீங்கியது. ஜெகதளா இன்றும் தன் பழம்பெயருடன் ஒரு பேரூராட்சியாக அருகிலேயே இருக்கிறது.

சமவெளியின் வெப்பத்தாலும் காய்ச்சலாலும் நலிந்த ஆங்கிலப் படைவீரர்களைக் குளிர்ந்த இடத்தில் தங்கவைக்கும் நோக்கத்துடன் 1850களில் இங்கே பாசறைகள் எழுந்தன. பாசறைக்குப் பின்னால் கடைத்தெரு வந்தது. கல்தச்சரும் கொத்தனாரும் முதலில் மலையேறினர். அவர்களைத் தொடர்ந்து சமையற்காரர், சலவைத் தொழிலாளர், தையற்காரர், பால்காரர், ரொட்டி சுடுவோர் எனப் பலர் வந்தனர். கோயம்புத்தூர், சேலம் பகுதிகளிலிருந்து தமிழரும், மைசூர்ப் பகுதியிலிருந்து கன்னடரும், மலபாரிலிருந்து மலையாளிகளும் வந்து சேர்ந்தனர். ஊரை ஆள வந்தவர்களின் பெயர்கள் தெருக்களுக்கும் கட்டடங்களுக்கும் சூட்டப்பட்டன. ஊரைக் கட்டியவர்களின் பெயர்களை நாம் எங்கும் காண்பதில்லை.

முன்பே இருந்தவர்கள்

வந்தவர்களைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் வெற்று மலைக்கு வந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. எருமை மேய்க்கும் தோடர்களும், இரும்பு வேலை, மட்பாண்டம், இசை ஆகியவற்றில் வல்ல கோத்தர்களும், காட்டுப்பொருள் திரட்டும் குறும்பர்களும், மலையடிவாரச் சரிவுகளில் இருளர்களும், கூடலூர்ப் பகுதியில் பணியர்களும் காட்டுநாயக்கர்களும் இங்கு வாழ்ந்துவந்தனர். வேளாண்மை செய்த படகர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் மைசூர்ச் சமவெளியிலிருந்து மலையேறியவர்கள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. படகர்களுள் ஒரு சாரார் இதனை ஏற்பதில்லை. தோடர் தந்த நெய், கோத்தர் செய்த கருவி, குறும்பர் கொணர்ந்த தேன், படகர் விளைவித்த தானியம் ஆகியவை பணமின்றியே கைமாறிய ஒரு பொருளியல் இங்கே நிலவியது.

கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819ஆம் ஆண்டு இம்மலைக்கு வந்த பின்னர் அந்த ஒழுங்கு குலையத் தொடங்கியது. புல்வெளிகளைத் தரிசு நிலம் என்று அரசு கணக்கிட்டது. எருமைக்கு அது மேய்ச்சல் நிலம்; தோடருக்கு அது வழிபாட்டோடு இணைந்த இடம். அங்கே காப்பியும் சின்கோனாவும் தேயிலையும் நடப்பட்டன. விறகுக்காகச் சீகை மரமும் தைல மரமும் வெளிநாட்டிலிருந்து வந்தன. இன்று நீலகிரியின் இயற்கை என்று நாம் கண்டு மகிழும் காட்சிகளுள் பாதி, மனிதரைப் போலவே கடல்கடந்து வந்து வேரூன்றியவை. உருளைக்கிழங்கு, காரட், முட்டைக்கோசு முதலியவற்றைச் சந்தையில் ‘இங்கிலீஷ் காய்கறி’ என்று இன்றும் அழைப்பது அவ்வரலாற்றின் எச்சம்.

படகர் வாழ்வில் பணப்பயிரும் நகரப் பழக்கமும் நுழைந்தபோது ஏற்பட்ட மாற்றங்களை ராஜம் கிருஷ்ணன் தம் ‘குறிஞ்சித் தேன்’ புதினத்தில் விரிவாகக் காட்டியுள்ளார். வந்தவர் மட்டும் மாறுவதில்லை. இருந்தவரும் மாறியாக வேண்டியிருக்கிறது என்பதை உணர அந்நூல் உதவும்.

இரயிலும் ஆலையும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலான பற்சக்கர இரயில்பாதை 1899இல் திறக்கப்பட்டது; 1908இல் அது உதகையை எட்டியது. 46 கிலோமீட்டர் நீளத்தில் 16 குகைகளையும் 250 பாலங்களையும் கொண்ட இப்பாதையை யுனெஸ்கோ 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. சுற்றுலாப் பயணிகள் இதனை வியப்பது இயல்பே. ஆயினும் பாறையை வெடிவைத்துப் பிளந்து, பாலங்களைக் கட்டியவர்கள் கூலித் தொழிலாளர்கள் என்பதையும், பாதை முடிந்தபின் அவர்களைப் போன்ற பலர் மேலே வருவதற்கு அதுவே வழியானது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இரயில் குன்னூரை அடைந்த சில ஆண்டுகளில், 1904ஆம் ஆண்டு அளவில், அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. கார்டைட் என்பது புகை மிகாமல் எரியும் ஒருவகை வெடிமருந்து. துப்பாக்கிக் குண்டையும் பீரங்கிக் குண்டையும் உந்தித் தள்ளுவதற்குப் பயன்படுவது. ஆலைக்கு வேண்டிய மின்சாரத்தை அருகிலுள்ள காட்டேரி அருவியின் நீரிலிருந்து எடுத்தனர். இந்தியாவில் நீர்மின்சாரம் பரவலாவதற்கு நெடுங்காலம் முன்பே அருவங்காட்டின் எந்திரங்கள் அருவியின் ஆற்றலால் சுழன்றன.

இங்கே வேலைக்கு வந்தவர்களுள் பெரும்பாலோர் உழவுத்தொழிலை அறிந்தவர்கள். உழவருக்குப் பொழுது என்பது ஞாயிறும் மழையும் பயிரும் சார்ந்தது. ஆலையிலோ கடிகாரமே தலைவன். முறைப்பணி நேரத்திற்குள் வாயிலில் நிற்க வேண்டும். வெடிமருந்து ஆலையாதலால் தீப்பெட்டியோ பீடியோ உடலில் இருக்கக் கூடாது. ஒருவர் செய்யும் சிறு பிழை பலர் உயிரைப் பறித்துவிடும். எனவே மொழியும் சாதியும் எதுவாயினும் பக்கத்தில் நிற்பவரை நம்பியே வேலை செய்தாக வேண்டும். வேறெந்த அறிவுரையையும்விட இந்தக் கட்டாயம் மனிதரை விரைவாக நெருங்க வைத்தது எனலாம். மறுபுறம், மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் குடியிருப்பும் உறுதியான வேலை என்பதால், முதல் தலைமுறையினர் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினர். சுற்றுவட்டாரப் படகர் ஊர்களிலிருந்தும் பலர் ஆலைப்பணிக்குச் சென்றனர். சென்ற தலைமுறையில் உருளைக்கிழங்கு பயிரிட்ட குடும்பம் அடுத்த தலைமுறையில் ‘ஃபேக்டரிக் குடும்பம்’ ஆயிற்று.

இந்திய விடுதலைக்குப் பின் வெலிங்டனுக்கு மேலும் பல முகங்கள் வந்தன. மதராஸ் படைப்பிரிவின் பயிற்சி மையமும், குவெட்டாவில் இருந்து பிரிவினையின்போது இடம்பெயர்ந்த படை அலுவலர் கல்லூரியும் 1947இல் இங்கு அமைந்தன. வட இந்தியாவிலிருந்தும் நட்பு நாடுகளிலிருந்தும் பயிற்சிக்கு வரும் அலுவலர் குடும்பங்களை இன்றும் வெலிங்டன் கடைத்தெருவில் காணலாம். உதகையிலும் கேத்தியிலும் ஒளிப்படச்சுருள், ஊசி ஆகியவற்றைச் செய்யும் ஆலைகள் எழுந்தன. எண்ணிமப் படக்கருவி வந்ததும் ஒளிப்படச்சுருள் ஆலை மூடப்பட்டது. அதை நம்பி மலையேறியவர்களின் பிள்ளைகள் மலையிறங்கினர்.

பேச்சும் உணவும் வழிபாடும்

பல ஊரார் ஓரிடத்தில் கூடி வாழும் நிலை தமிழருக்குப் புதிதன்று. புகார் நகரில் வேற்றுமொழியாளர் கலந்து வாழ்ந்ததைப் பட்டினப்பாலையும் சிலப்பதிகாரமும் காட்டுகின்றன. சங்கப் புலவர்கள் தமிழ் வழங்காத நிலப்பகுதியை ‘மொழிபெயர் தேயம்’ என்றனர். நீலகிரியிலோ மொழி தெருவுக்குத் தெரு பெயர்கிறது. ஒரே கடையில் தமிழும் படகும் மலையாளமும் கன்னடமும் இந்தியும் காதில் விழும். வீட்டில் ஒன்று, வேலையிடத்தில் ஒன்று, பள்ளியில் ஒன்று என மூன்று மொழிகளைப் பேசி வளர்வது இங்குள்ள குழந்தைக்கு இயல்பான செய்தி.

குளிர் எல்லாரையும் சில பழக்கங்களில் ஒன்றாக்கியது. கம்பளிச் சட்டையும் குல்லாயும் மலைக்கு வந்த முதல் வாரத்திலேயே தேவையாகிவிடும். அவற்றை உதகையில் விற்போருள் திபெத்திலிருந்து ஏதிலியராக வந்தவர்களும் உள்ளனர். விறகடுப்பில் அடுக்கடுக்காகச் சுட்டெடுக்கப்படும் வர்க்கியைத் தேநீரில் நனைத்து உண்பது வெள்ளையரின் ரொட்டிக்கூடங்களிலிருந்து உள்ளூர்க் கைகளுக்கு வந்து, உள்ளூர்ச் சுவையாகவே மாறிப்போன பழக்கம். வந்தவர்கள் அனைத்தையும் மாற்றிக்கொள்ளவுமில்லை. குலதெய்வக் கோயிலுக்கு ஆண்டுக்கொரு முறை சமவெளிக்குச் செல்வதும், இங்குள்ள மாரியம்மனுக்கு ஊர்கூடித் தேரிழுப்பதும் ஒரே குடும்பத்தில் முரணின்றி நடைபெறுகின்றன.

தேயிலை அழைத்தவர்கள்

ஆலைக்கு வந்தவர்கள் சம்பளத்தை நாடித் தாமே வந்தவர்கள். தோட்டங்களுக்கு வந்தவர்களின் வரலாறு வேறு. தொடக்கத்தில் தோட்ட வேலைக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடிய ஆங்கிலேயர், நடுவட்டத்தின் சின்கோனாத் தோட்டங்களில் சீனக் கைதிகளைக்கூட வேலைக்கு வைத்தனர். பின்னர் மேஸ்திரிகளும் கங்காணிகளும் வறட்சியில் வாடிய சிற்றூர்களுக்குச் சென்று, முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாக ஆள்களை அழைத்துவந்தனர். முன்பணம் கடனாயிற்று, கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டு நீங்க இயலவில்லை. வரிசையாகக் கட்டப்பட்ட ஓரறை வீடுகளான ‘லைன்’களில் அவர்கள் வாழ்ந்தனர்.

இதே கங்காணி முறை, இதைவிடப் பன்மடங்கு பெரிய அளவில், கடலுக்கு அப்பால் இலங்கையிலும் நடைபெற்றது. திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி முதலிய மாவட்டங்களிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் சென்றவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். அவர்கள் முதலில் காப்பித் தோட்டங்களை உருவாக்கினர்; 1869இல் தோன்றிய இலைத்துரு நோயால் காப்பி அழிந்தபின் தேயிலையைப் பயிரிட்டனர். அவ்வாழ்வின் துயரைப் புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’ என்னும் கதையில் எழுதியுள்ளார்.

திரும்பி வந்த நாடு

இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. இலங்கையிலேயே பிறந்து, இலங்கைக்கே உழைத்தவர்கள் ஒரே நாளில் எந்நாட்டினரும் அல்லர் என்றாயினர். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று இந்தியத் தலைமை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைத் தலைமை அமைச்சர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டனர். அதன்படி, ஏறத்தாழ 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் குடிமக்களாக ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வதென 1974இல் முடிவு செய்தன. இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்று புலப்படும்: பேசப்பட்டது மனிதரைப் பற்றி, கணக்கோ சரக்கைப் பிரிக்கும் கணக்கு. தோட்டத் தொழிலாளரின் கருத்தை யாரும் கேட்கவில்லை.

1885இல் ரேவன்ஸ்டைன் என்னும் அறிஞர், மக்கள் இடம்பெயரும் முறைகளை ஆராய்ந்து சில பொதுவிதிகளை வகுத்தார். ஒவ்வோர் இடப்பெயர்வு ஓட்டமும் தனக்கு எதிரான ஓர் ஓட்டத்தையும் தோற்றுவிக்கும் என்பது அவற்றுள் ஒன்று. பொருளீட்டியபின் ஊர் திரும்புவோரை விளக்க அவ்விதி பொருந்தும். மலையகத் தமிழரின் திரும்புதலுக்கு அது பொருந்தாது. அவர்களுள் பலருக்கு இந்தியா, தாத்தா பாட்டியர் சொல்லிக் கேட்ட ஒரு பெயர் மட்டுமே.

கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகத்தில் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் பெற்று, தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் அவர்கள் இறங்கினர். முன்னொரு காலத்தில் இலங்கைக்குச் செல்லும் தொழிலாளரை நோய்ச் சோதனைக்காகத் தங்கவைத்த முகாமே அது. பாட்டனார் எந்த முகாம் வழியாக வெளியேறினாரோ, அதே முகாம் வழியாகப் பேரன் உள்ளே வந்தான்.

நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இவ்வாறு வந்தனர். அவர்களுள் பெரும்பாலோருக்கு வணிகக் கடன் என்னும் பெயரில் சிறு தொகை வழங்கப்பட்டது. கொழுந்து பறிக்கவும் கவ்வாத்து வெட்டவும் அறிந்தவர்களுக்குக் கடை நடத்தத் தெரியவில்லை. கடன் கரைந்தது, கையறு நிலை வந்தது. தாம் அறிந்த ஒரே தொழிலைத் தேடி அவர்கள் மீண்டும் மலைகளை நோக்கினர். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்றனர். இவர்களுக்கென்றே தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பின்னர்த் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக உருப்பெற்ற ‘டான்டீ’ அதுவே. அதன் தலைமையகம் குன்னூரில் உள்ளது. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி எனப் பல இடங்களில் காடு திருத்தி அவர்கள் தேயிலை நட்டனர்.

தெரிந்து தெளிவோம்

தோட்டத் தமிழ்: கொழுந்து – இளந்தளிர், கவ்வாத்து – தேயிலைச் செடியை வெட்டிச் சீராக்குதல், லயம் – வரிசை வீடு (இலங்கை வழக்கு), பெரட்டு – காலையில் வேலைக்கு ஆள்களைப் பிரிக்கும் கூட்டம், பாண் – ரொட்டி. பாண் என்பது போர்த்துகீசியச் சொல்லிலிருந்து இலங்கைத் தமிழுக்கு வந்தது. தாயகம் திரும்பியோருடன் நீலகிரிக்கும் வந்தது.

தாயகத்தில் அயலார்

தமிழ் பேசும் தமிழர், தமிழ்நாட்டுக்கு வந்தனர். எனவே பண்பாட்டுச் சிக்கல் எதுவும் இருந்திராது என்று நினைக்கத் தோன்றும். நிகழ்ந்தது அதுவன்று. இலங்கையில் அவர்களை ‘இந்தியத் தமிழர்’ என்றார்கள். இங்கே ‘சிலோன்காரர்’ என்றார்கள். தேங்காய் ரொட்டியும் சம்பலும், ‘தேத்தண்ணி’ என்ற சொல்லும் அவர்களை உடனே அடையாளம் காட்டின. போலந்து நாட்டு உழவர்கள் சிகாகோ நகரின் ஆலைகளுக்குச் சென்று குடியேறியதை ஆராய்ந்த தாமஸ், ஸ்நானியெக்கி என்னும் அறிஞர்கள், பழைய உறவுக் கட்டு தளர்ந்து புதியதொன்று உருவாகும் இடைக்காலத்தின் துன்பத்தை விரிவாக எழுதினர். மொழியும் சமயமும் மாறும் இடத்தில் மட்டுமே அத்துன்பம் தோன்றும் என்பதில்லை என்பதற்கு நீலகிரி சான்று.

அவர்கள் தம்முடன் கொண்டுவந்த பெருஞ்செல்வம் கூத்துக் கலைகள். காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய மூன்றும் மலையகத் தோட்டங்களில் ஆண்டுதோறும் ஆடப்பட்டவை. தமிழகச் சிற்றூர்களிலிருந்து சென்றவர்கள் கடலுக்கு அப்பால் அவற்றைப் பேணிக் காத்தார்கள். திரும்பி வந்தவர்கள் உடைமைப் பெட்டிகளோடு அந்நினைவுகளையும் சுமந்துவந்தனர்.

வாழ்க்கையின் அடித்தளமான நிலமும் சான்றிதழும் எளிதில் கிடைக்கவில்லை. கூடலூர்ப் பகுதியில் பழைய ஜன்ம நிலங்களை அரசுடைமையாக்கும் சட்டம் 1969இல் இயற்றப்பட்டது. அதில் உரிமை முடிவாகாத நிலங்கள் ‘செக்சன் 17 நிலம்’ என்று மக்கள் வழக்கில் அறியப்படுகின்றன. அந்நிலங்களில் வீடு கட்டியோருள் தாயகம் திரும்பியோரும் உண்டு. பட்டா இல்லாததால் மின்னிணைப்புக்கும் கடனுக்கும் அவர்கள் பல்லாண்டுகள் அலைய நேர்ந்தது. சாதிச் சான்றிதழ் பெற இயலாமல் உயர்கல்வி வாய்ப்பை இழந்த பிள்ளைகளும் உண்டு. இதே நிலத்தில் பணியருக்கும் காட்டுநாயக்கருக்கும் முன்னுரிமை உண்டு என்பதும் மறுக்க முடியாதது. இரு பக்கமும் வறியவர். இரு பக்கமும் தம்மைக் கேளாமல் வகுக்கப்பட்ட திட்டங்களால் இடமிழந்தவர். ஒருவர் உரிமையைக் காட்டி மற்றவர் உரிமையை மறுப்பது எளிது; நேர்மையாகாது.

டான்டீ தோட்டங்களுக்குரிய நிலம் வனத்துறையிடமிருந்து பெறப்பட்டது. தேயிலை விலை வீழ்ச்சியாலும் இழப்பாலும் தளர்ந்த கழகம், தன் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறையிடமே திரும்ப ஒப்படைக்க 2022இல் முடிவு செய்யப்பட்டது. காட்டு விலங்குகளுக்கு அது நன்மை தரும். தோட்டக் குடியிருப்பில் வாழ்ந்து ஓய்வுபெற்ற முதியவருக்கோ, வேலையோடு வீடும் போகும் என்பதே அதன் பொருள். தொழிலாளர்கள் போராடினர். இலங்கையில் லயத்தை விட்டு வெளியேறியவர்கள் முதுமையில் மீண்டும் அதே கேள்வியின் முன் நின்றனர்.

இதற்கிடையே அவர்களின் பேரப்பிள்ளைகள் வேறு திசையில் புறப்பட்டுவிட்டனர். தோட்டக்கூலி போதாமையால் திருப்பூரின் பின்னலாடை ஆலைகளுக்கும் கோயம்புத்தூரின் தொழிற்கூடங்களுக்கும் இளைஞர்கள் செல்கின்றனர். அவர்கள் விட்டுச்சென்ற வரிசை வீடுகளில் இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்கள் வாழ்கின்றன. சோட்டா நாக்பூர் மலைகளிலிருந்து ஆங்கிலேயர் காலத்தில் அசாம் தேயிலைத் தோட்டங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டோரின் வழியினரும் அவர்களுள் இருக்கக்கூடும். அவர்களின் குழந்தைகள் நீலகிரியின் பள்ளிகளில் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகுகின்றனர்; அவர்களின் தாய்மார் கொழுந்துக் கூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, மூத்த தொழிலாளப் பெண்களிடம் தோட்டத் தமிழைக் கற்றுக்கொண்டிருக்கின்றனர்.